கடலைமிட்டாய்க்கு வாங்கிய சி

ஆகஸ்ட் 26, திங்கள்

கல்லூரி திறந்துவிட்டது. நான் வகுப்புக்குள் நுழைந்ததும் கடைசி வரிசையில் ஒரு பையன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். வாத்தியாரம்மா என்று நினைத்துவிட்டான். நான் போய் அவன் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்ததும், இது என்ன சனியன் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டான். நாற்பத்து மூன்று வயதில் மாணவியாக இருப்பதில் இது ஒரு வசதி. முதல் ஒரு நிமிடம் எல்லாரும் மரியாதை தருகிறார்கள்.

டைரி எழுதினால் படிப்பு டென்ஷன் குறையும் என்று கல்லூரியில் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். தமிழில்தான் எழுதுவேன். மகள் மிருதுளா தமிழ்ப் பள்ளிக்கு ஆறு வருடம் போனவள். அம்மா, ஆடு, இலை வரைக்கும் வாசிப்பாள். என் வீட்டுக்காரர் கருணாகரன் தமிழ் நன்றாகவே வாசிப்பார், ஆனால் நான் கையால் எழுதிய எதையும் வாசிக்க மாட்டார். மளிகை லிஸ்டையே வாசிப்பதில்லை. ஆக ரகசியம் பத்திரம்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் முதல் இரண்டு வருடப் படிப்பை மலிவாக முடித்துவிட்டு, மூன்றாம் வருடத்துக்குப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். அடுத்த ஆகஸ்டில் நான் மாற வேண்டும். பாடம் கணிதம். கோவில்பட்டியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவளை, "கல்யாணத்துக்கு அப்புறம் படிச்சுக்கலாம்" என்று சொல்லிக் கட்டிக்கொடுத்தார்கள். அப்புறம் என்றால் இருபத்து மூன்று வருடம் கழித்து என்று யாரும் சொல்லவில்லை. வீட்டிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில் இருப்பது ஒரே ஒரு பல்கலைக்கழகம். அது கிடைத்தால் உண்டு. கிடைக்காவிட்டால் மறுபடி முழுநேரச் சாம்பார்தான்.

செப்டம்பர் 4, புதன்

கவுன்சிலர் டெனீஸைப் பார்த்தேன். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு யார் மாற முடியும் என்று வழி சொல்வது அந்தம்மாள் வேலை. நான் போனதே வழி கேட்க அல்ல, பாராட்டு வாங்க. மொத்த சராசரி நாலுக்கு 3.8. கொஞ்சமா?

டெனீஸ் என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். சிரித்தார். "செராமிக்ஸில் ஏ. பால்ரூம் நடனத்தில் ஏ. சினிமா ரசனையில் ஏ. ஊட்டச்சத்தில் ஏ. ஷென், உங்களுக்கு வாழ்க்கை நன்றாகப் போகிறது போலிருக்கிறதே" என்றார். என் முழுப் பெயர் செண்பகவல்லி. இந்த ஊருக்கு அது ஷென். பாதிப் பேர் என்னைச் சீனாக்காரி என்று எதிர்பார்த்துக் காத்திருந்து ஏமாறுகிறார்கள்.

பிறகு பென்சிலை எடுத்து, மண்பாண்டம் செய்த செராமிக்ஸை அடித்தார். நடனத்தை அடித்தார். சினிமா, ஊட்டச்சத்து, மேடைப்பேச்சு எல்லாம் போயிற்று. மிஞ்சியது இரண்டு வரி. கால்குலஸ் ஒன்று: பி. கால்குலஸ் இரண்டு: சி.

"கணிதத் துறைக்காரர்கள் முதலில் பார்ப்பது இதை. மொத்த சராசரி உங்களை வாசல்வரை கொண்டுபோகும். உள்ளே விடுவது மேஜர், அதாவது கணிதப் பாடங்களின் மதிப்பெண். உங்களுடையது 2.5. அங்கே இடம் கிடைத்தவர்கள் பெரும்பாலும் மூன்றரை."

"அந்த சி-யைத் திரும்ப எடுத்து ஏ வாங்கிவிடுகிறேன்" என்றேன்.

"முடியாது. சி என்றால் பாஸ். பாஸானதைத் திரும்ப எடுக்க விதி இல்லை. 'டி' வாங்கியிருந்தால் எடுத்திருக்கலாம்."

"இன்னும் கேவலமாக எழுதியிருந்தால் நல்லது என்கிறீர்களா?"

"வருத்தத்தோடு, ஆமாம்" என்றார் டெனீஸ்.

எனக்கு இது புதிய அடி அல்ல, அதுதான் எரிச்சல். பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே நான்தான் மொத்தத்தில் முதல். தமிழில் நான் எடுத்த மார்க்கை மளிகைக்கடைக்காரர் ஒரு அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டார். ஊரே "டோட்டல் எவ்வளவு" என்று கேட்டது. இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் மட்டும் "கட்ஆஃப் எவ்வளவு" என்று கேட்டார்கள். கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூன்றையும் வைத்துக் கூட்டினால் நான் காணாமல் போய்விட்டேன். ஒரே பள்ளத்தில் இருபத்தைந்து வருடம் கழித்து, விமானம் ஏறி வந்து விழுந்திருக்கிறேன்.

செப்டம்பர் 5, வியாழன்

'டி' என்றால் எடுக்கலாமாம். இதையே நினைத்துக்கொண்டு ரசத்துக்கு இரண்டு முறை உப்புப் போட்டேன். மிரு ஒரு வாய் குடித்துவிட்டு, "அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள். தலைவலி என்றேன்.

செப்டம்பர் 12, வியாழன்

அந்த சி வந்த கதையை எழுதிவிடுகிறேன். மே மாதக் கடைசித் தேர்வில் கேள்வித்தாள் ரொம்பக் கடினம். மொத்தமாக எனக்கு 68.5 வந்தது. சி-க்கு எழுபது வேண்டும். பேராசிரியர் கோவாச், ஹங்கேரிக்காரர், வாசற்படி மாதிரி மனுஷன். மிதித்தாலும் நகர மாட்டார், யார் வந்தாலும் தடுக்கவும் மாட்டார். அவர் அறைக்கு ஒரு டப்பா கடலைமிட்டாயோடு போனேன். தங்கை கோவில்பட்டியிலிருந்து அனுப்பியது. அழ வேண்டும் என்று திட்டம் போட்டுப் போகவில்லை. வந்த அழுகையை நிறுத்தவும் இல்லை.

"சார், எங்கள் குடும்பத்தில் யாரும் ஃபெயில் ஆனதே இல்லை" என்றேன். என் தம்பி பத்தாம் வகுப்பை மூன்று தவணையில் முடித்தவன். அதெல்லாம் ஹங்கேரிக்குத் தெரியாது.

"ஷென், 'டி' ஒரு வருடம் வலிக்கும். சி ஆயுசுக்கும் கூட வரும். இரண்டு நாள் யோசித்துவிட்டு வா" என்றார் கோவாச்.

யோசிக்க என்ன இருக்கிறது? அரியர் வைப்பதா? நம் ஊரில் ஒரு பாடம் போனால் பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போவார்கள். "பாஸ் மட்டும் போட்டால் போதும் சார்" என்றேன். பெருமூச்சு விட்டார், கம்ப்யூட்டரில் தட்டினார். பிறகு மரியாதைக்காக ஒரு கடலைமிட்டாயைக் கடித்தார். கடைவாய்ப் பல்லில் போட்டிருந்த கேப் கழன்று கையோடு வந்துவிட்டது.

அன்றைக்கு நான் சந்தோஷமாகப் பாட்டுப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டி வந்தேன்.

செப்டம்பர் 19, வியாழன்

கோவாச்சிடம் போனேன். இந்த செமஸ்டர் கால்குலஸ் மூன்றும் அவர்தான் எடுக்கிறார். என்னைப் பார்த்ததும் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று.

"டப்பா கொண்டு வரவில்லை சார்" என்றேன். "ஒரு உதவி. போன செமஸ்டர் சி போட்டீர்களே, அதை 'டி' ஆக்கிவிடுங்கள்."

முப்பது வருடமாக வாத்தியாராக இருக்கிறாராம். இப்படி ஒருவர் கேட்டதில்லையாம். நாற்காலியைக் காட்டினார்.

"ஷென், தவறு நடந்திருந்தால் மட்டும்தான் மதிப்பெண்ணை மாற்ற முடியும். நான் தவறு செய்யவில்லை. அறுபத்தெட்டரை. நீ அழுதாய். நான் இளகினேன்."

"இளகியது தவறு என்று எழுதிக் கொடுங்கள் சார்."

"அது தவறு அல்ல, பலவீனம். பலவீனத்துக்கு இந்தக் கல்லூரியில் படிவம் கிடையாது."

மறுபடி அழுது பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார் போல, டிஷ்யூ பெட்டியை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். அசல் ராட்சசன்.

"இரண்டாம் கால்குலஸ் தெரியாமல் மூன்றாவதில் ஏ வாங்க முடியாது. உன் விண்ணப்பத்தைப் படிக்கிறவர்களுக்கும் இது தெரியும். போ, அதை வாங்கு" என்றார். அறிவுரை நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வேண்டியிருந்தது 'டி'.

அக்டோபர் 6, ஞாயிறு

சுகந்தி அக்கா வீட்டு கொலு. மிருவோடு பரதம் படித்த பெண்ணின் அம்மா. எங்கள் வட்டாரத்தில் எந்த விசேஷமானாலும் அக்காதான் கலெக்டர். சுண்டல் கொடுத்துக்கொண்டே, "செண்பகம், உன் பொண்ணு அரங்கேற்றச் சாப்பாட்டை இன்னும் பேசுறாங்க பாரு. முந்நூறு பேருக்கு வீட்டுச் சாம்பார். ஒத்த ஆளா நின்னு பண்ணின" என்றார். பெருமையாக இருந்தது. மே பதினெட்டு, சனிக்கிழமை. மேக்கப் ஆர்ட்டிஸ்ட், நட்டுவாங்கம் செய்பவருக்கு விமான டிக்கெட், வருகிறவர்களுக்குக் கொடுக்கும் குத்துவிளக்கு, எல்லாம் நான்தான். திங்கட்கிழமை கால்குலஸ் தேர்வு.

காரில் வரும்போது இவரிடம் அதைச் சொன்னேன். "அந்த அரங்கேற்றம் இல்லைன்னா நான் ஏ வாங்கியிருப்பேங்க."

இவர் சிக்னலில் நின்றுகொண்டு, மெதுவாக, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார்.

இரவு இவருக்குத் தோசை கிடையாது. கொலுச் சுண்டலே போதும் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

கால்குலஸ் மூன்று, முதல் தேர்வு: 91. ஹெட்ஃபோன் பையன் என் தாளை எட்டிப் பார்த்து, "டேம்" என்றான், பிரமாதம் என்று அர்த்தமாம். நானும் அவனைப் போலவே சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

விண்ணப்பம். நானும் மிருவும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே இரண்டு கம்ப்யூட்டர். அவள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்துகொண்டு முதல் வருடத்துக்கு விண்ணப்பிக்கிறாள், நான் மூன்றாம் வருடத்துக்கு. பட்டியலில் இரண்டு பேருக்கும் அதே பல்கலைக்கழகம் இருக்கிறது. "நீ வந்தா கேம்பஸ்ல எனக்கு ஹாய் சொல்லாத" என்று ஒப்பந்தம் வாங்கிக்கொண்டாள்.

ஒரு இடத்தில், மதிப்பெண் ஏதாவது குறைந்திருந்தால் காரணம் சொல்லலாம் என்று ஒரு கட்டம் இருந்தது. எழுதினேன். குடும்பத்தில் ஒரு பெரிய நிகழ்ச்சி, முழுப் பொறுப்பும் என் தலையில், தேர்வுக்குத் தயாராக முடியவில்லை என்று. ஆங்கிலம் சரிபார்க்க மிருவிடம் கொடுத்தேன். வாசித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"இது என் அரங்கேற்றமா?"

"பேரு போடலையே."

"என்னைக் காரணம் சொல்றியா? நான் நைன்த்லயே வேண்டாம்னு சொன்னேன்மா. நீ கேட்டியா?"

"முந்நூறு பேருக்குச் சாப்பாடு யாருடி போட்டா?"

"யாரு உன்னைப் போடச் சொன்னா? அப்பா கேட்டரிங் சொல்லலாம்னு சொன்னார். நீதான் முடியாதுன்ன. மூணு வாரம் பருப்பு எவ்வளவு, புளி எவ்வளவுன்னு கணக்கு போட்ட. கால்குலஸ் புக் என் ரூம்லயே கிடந்துச்சு. நீ அதைத் தேடக்கூட இல்ல. பயந்துட்ட. சாம்பார் ஈஸி, அதான்."

என் கம்ப்யூட்டரை மூடிவைத்தேன். நான் சண்டையைப் பாதியில் விடுவது அபூர்வம், அதனால் அவளே கொஞ்சம் பயந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

இவள் பொய் சொல்கிறாள் என்று எழுதத்தான் டைரியை எடுத்தேன். அந்த மூன்று வாரமும் புத்தகம் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். அவள் அறையில், ஜன்னல் பக்கம், சலங்கைப் பெட்டிக்கு அடியில். வைத்தது நான்.

நவம்பர் 25, திங்கள்

கட்டத்தில் இருந்ததை அழித்துவிட்டேன். இப்படி எழுதினேன்: இரண்டாம் கால்குலஸுக்கு நான் சரியாகப் படிக்கவில்லை. இப்போது படிக்கிறேன். மூன்றாம் கால்குலஸ் மதிப்பெண் டிசம்பரில் வரும், அதையும் பார்க்கவும். மிரு வாசித்துவிட்டு ஒரு கமா மட்டும் போட்டாள்.

டிசம்பர் 19, வியாழன்

கால்குலஸ் மூன்று: ஏ. லீனியர் ஆல்ஜீப்ரா: ஏ. மேஜர் சராசரி 2.5-லிருந்து 3.25. மூன்றரை இல்லைதான். சி மட்டும் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது, எழுந்திருக்கவே இல்லை.

டெனீஸ் போனில், "குறைந்த மதிப்பெண்ணுக்கு மேலே ஏறியிருக்கிறீர்கள். அதைக் கவனிப்பார்கள். உறுதி சொல்ல மாட்டேன்" என்றார். இந்த ஊரில் யாரும் எதையும் உறுதி சொல்வதில்லை. ஜோசியக்காரன் எவ்வளவோ தேவலை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். புது மதிப்பெண்களைப் பல்கலைக்கழக இணையதளத்தில் ஏற்றினேன். குக்கர் விசிலுக்கே மூன்று பேரும் பொங்கலோ பொங்கல் சொல்லிவிட்டோம்.

மார்ச் 20, வியாழன்

மிருவுக்கு முடிவு வந்தது. இங்கே கிடைக்கவில்லை. எட்டு மணிநேரம் தள்ளித் தெற்கே உள்ள வேறொரு பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. நல்ல இடம்தான். குளியலறையில் ஷவரைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் இருந்தாள். வெளியே வந்தபோது தலை நனையவில்லை. நான் எதுவும் கேட்காமல் தோசை ஊற்றினேன். ஐந்து சாப்பிட்டாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

எனக்குக் கிடைத்துவிட்டது.

காரில், நூலகத்துக்கு வெளியே, தனியாக இருந்து பார்த்தேன். கணிதம், மூன்றாம் வருடம். ஒரு நிபந்தனை: இப்போது படிக்கும் மேஜர் பாடத்தில் பி-க்குக் கீழே போகக் கூடாது. போனால் இடம் ரத்து. இப்போது படிப்பது டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸ், கோவாச்சிடம். இதுவரை எனக்கு அதில் எண்பதைச் சுற்றி ஊசலாட்டம்.

வீட்டில் சொல்லவில்லை. இவர் மட்டும் "என்ன, முகம் ஒரு மாதிரியா இருக்கு" என்றார். தலைவலி என்றேன். பாவம், என் தலை செய்த பாவம் என்னவோ.

ஏப்ரல் 27, ஞாயிறு

மிருவிடம் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக ஒத்திகை பார்த்ததெல்லாம் வீண். துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, "எனக்கு அங்க கிடைச்சிருச்சுடி" என்று வாய் தவறி விழுந்துவிட்டது.

கையில் வைத்திருந்த துண்டை அவள் நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள். அதற்கு மேல் மடிக்க முடியவில்லை.

"நான் ஸ்கூல்லயே காலேஜ் லெவல் ஏபி கிளாஸ் பத்து எடுத்தேன்மா. நீ செராமிக்ஸ் எடுத்த."

"ஆமா."

"அதுவும் சி வாங்கிட்டு."

"ஆமாடி."

சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் அது அழுகையாக மாறிவிட்டது. நான் கிட்டே போனபோது, "தொடாத, நான் கோவமா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே என் தோளில் சாய்ந்தாள். எனக்கு வந்த சந்தோஷம் எனக்கே பிடிக்கவில்லை. பெற்ற பிள்ளைக்குக் கிடைக்காத இடத்தில் போய் உட்காரப் போகிறேன். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்து, அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன்.

மிரு நிமிர்ந்து பார்த்தாள். "அதுவும் என்னாலதான்னு அப்புறம் சொல்லுவ. போய்ப் படி."

மே 10, சனி

மிருவின் பள்ளிப் படிப்பு முடிகிறது என்று பார்ட்டி. ஜூனில் ஹால் எங்கும் கிடைக்கவில்லை, மே பதினேழுதான் கிடைத்தது. எனக்குத் தேர்வு பத்தொன்பது. கலிஃபோர்னியாவில் மே மாதத்துக்கு வேறு வார இறுதியே கிடையாது போலிருக்கிறது.

சுகந்தி அக்கா போன் செய்தார். "நூத்தம்பது பேர்தானே, உனக்கு ஜுஜுபி. பருப்பு நான் வாங்கி வச்சிரட்டுமா?"

"பீட்சா சொல்லியிருக்கேன்க்கா."

யாரோ இறந்துபோன மாதிரி அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "பெரியவங்க வருவாங்களே செண்பகம்."

"பெரியவங்களுக்குப் பல்லு இருக்குல்லக்கா."

இவர் மட்டும் மனசு கேட்காமல், பெரியவர்களுக்காகத் தானே சாம்பார் வைக்கிறேன் என்று கிளம்பியிருக்கிறார். இருபத்து நாலு வருடத் திருமணத்தில் இவர் அடுப்பைப் பற்றவைத்தது வெந்நீருக்கு மட்டும். நான் தடுக்கவில்லை. அளவு கேட்டார், அதையும் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன் என்று தெரியும்.

மே 17, சனி

ஹாலுக்குப் பின்னால் சின்ன அறை ஒன்று. வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, கேக் வெட்டும்போது நின்றுவிட்டு, பட்டுப்புடவையோடு அங்கே போய்க் கணக்குப் போட்டேன். மிரு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். பார்ட்டி அவளுக்கு, காவல் எனக்கு.

"அம்மா எங்கம்மா?" என்று சுகந்தி அக்கா கேட்பது கேட்டது.

"அம்மாக்கு எக்ஸாம் ஆன்ட்டி."

"ஒரு போட்டோவுக்கு மட்டும்..."

"மண்டே வாங்க ஆன்ட்டி. எடுத்துக்கலாம்."

இவருடைய சாம்பாரைப் பெரியவர்கள் பேசாமல் சாப்பிட்டார்கள். ஒருவர் மட்டும், ரசம் பிரமாதம் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

மே 19, திங்கள்

எழுதிவிட்டேன். ஆறாம் கணக்கு சரியா என்று தெரியவில்லை. மற்றதெல்லாம் எழுதினேன் என்று மட்டும் தெரியும்.

மே 21, புதன்

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டுப்பாடம், இடைத்தேர்வுகள், கடைசித் தேர்வு, எல்லாம் சேர்த்து. ஆறாம் கணக்கு போயிருந்தால் 79. பி-க்கு எண்பது. ஒரே ஒரு மார்க். அது இல்லாவிட்டால் ஆகஸ்டும் இல்லை, கணிதமும் இல்லை.

இவர் எட்டிப் பார்த்து, "ஒரு டப்பா கடலைமிட்டாய் எடுத்துட்டுப் போயேன். மனுஷன் இளகின மனசுக்காரர்தானே. ஒரு மார்க்குதானே கேக்குற" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் நினைத்ததைத்தான் சொன்னார். தங்கை அனுப்பிய புது டப்பா அலமாரியில் இருந்தது.

எடுத்துக்கொண்டு போனேன். கல்லூரி பார்க்கிங்கில் நிறுத்தினேன். அங்கிருந்து கோவாச்சின் ஜன்னல் தெரியும். விளக்கு எரிந்தது, வழுக்கைத் தலை தெரிந்தது. கண்ணில் தண்ணீர் அதுபாட்டுக்குத் தயாராகிவிட்டது. அதற்குப் பழக்கம். உள்ளே போனால் அவர் இளகுவார், எனக்குத் தெரியும். பிறகு மூன்றாம் வருடம் முழுக்க, முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம், இது என் மார்க்கா அந்த மனுஷன் பல்லின் மார்க்கா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

டப்பாவைத் திறந்து நானே தின்றேன். ஒன்று, இன்னொன்று. பாதி டப்பா காலியானதும் விளக்கு அணைந்தது. கோவாச் வெளியே வந்து, என் காரைத் தாண்டி, என்னைப் பார்க்காமல் நடந்துபோனார். நான் சீட்டில் சரிந்து ஒளிந்துகொண்டேன். நாற்பத்து மூன்று வயது, வாயில் கடலைமிட்டாய்.

வீட்டில், "என்ன சொன்னார்?" என்று இவர் கேட்டார்.

"பாக்கலைங்க" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. இவரே காபி போட்டுக் கொடுத்தார். அந்தச் சாம்பாருக்கு அப்புறம் மனுஷனுக்குத் தைரியம் வந்துவிட்டது.

மே 22, வியாழன்

ஒன்றும் வரவில்லை. வயிறு சரியில்லை. கடலைமிட்டாய்.

மே 23, வெள்ளி

காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். போன் டிங் என்றது. ஈரக்கையோடு திறந்தேன்.

பி. 82. பக்கத்தில் கோவாச் ஒரு வரி எழுதியிருந்தார்: ஆறாம் கணக்கு சரி. நான் எதையும் கூட்டவில்லை.

மிருவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். வகுப்பில் இருப்பாள் என்பதே நினைவில்லை. கிசுகிசுப்பாக எடுத்தாள்.

"அம்மா? யாராச்சும் செத்துட்டாங்களா?"

"பி வந்திருச்சுடி."

பின்னால் யாரோ டீச்சர் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"ரவுண்ட் பண்ணாரா?"

"இல்ல."

"அப்போ சரி" என்று வைத்துவிட்டாள்.

குழாயை மூடிவிட்டு, சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதேன். வீட்டில் யாரும் இல்லை. இந்த அழுகைக்கு யாரும் மார்க் போட வேண்டியதில்லை.